துப்புரவாக்க வேண்டாத மேசை

வேலையிலிருந்து விலகுவதற்கு முந்தைய வாரம் என் கையில் ஒரு மஞ்சள் சோக்கைத் தந்து, டைகள் என்னும் வெட்டு அச்சுகள் அடுக்கியிருக்கும் தட்டுகளுக்கிடையே நடக்கவிட்டார்கள். இனித் தேவையில்லாதவற்றில் கோடு போடச் சொன்னார்கள். இப்போது கணினித் திரையில் கோடு வரைந்தால் போதும். கத்தி பூட்டிய நீளமான மேசை ஒன்று தானாக ஓடி வெட்டிவிடுகிறது. எனக்கு அதில் ஒரு துக்கமும் இல்லை. அந்த மேசையை வாங்கச் சொல்லி நச்சரித்தவர்களில் நானும் ஒருத்தி. கோடு போட்டேன், போட்டேன், கை மஞ்சளாகும்வரை போட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள். "அன்ரி, பின்னுக்கு இருக்கிற மேசைக்கு மேல தமிழ்ல ஒரு போர்ட் இருக்குத்தானே? நான் ட்ரை பண்ணி வாசிச்சன். 'வேண்டாம்' மட்டும்தான் விளங்கிச்சு. என்ன வேண்டாம்?"

அவளுக்குச் சோறு ஆறுவதற்குள் சொல்லி முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எனவே எழுதுகிறேன். இதை அடக்கத்தோடு எழுத எனக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்தது கஸ்கற். இரண்டு இரும்புகளை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் நடுவே மயிரிழை அளவில் ஒரு வழி இருக்கும். தண்ணீருக்கு அந்த வழி தெரியும். எண்ணெய்க்குத் தெரியும். நீராவிக்கு மற்ற இரண்டையும்விட நன்றாகத் தெரியும். அந்த வழியில் படுத்துக்கிடக்கும் ரப்பர், கோர்க், தடித்த நார் அட்டை, இவைதான் எங்கள் சரக்கு. பால் கொம்பனிக்கு வெள்ளை, எண்ணெய்ப் பம்பிக்குக் கறுப்பு, அடுப்புக் கதவுக்குச் செங்கல் நிறச் சிலிக்கன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். கடையில் போய் வாங்க முடியாத வடிவங்கள்.

அந்த வடிவங்களை வெட்டுவது டை. பலகையில் கோடு போட்டு அறுத்து, அந்தக் கோட்டுக்குள் உருக்குக் கத்தியை வளைத்துச் செருகியிருப்பார்கள். பிஸ்கற் வெட்டும் அச்சின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஷீற்றை விரித்து, டையை மேலே வைத்து, பிரஸ் இறங்கினால் ஒரு சத்தம். தும்மலைப் பாதியில் அடக்கியது போன்ற சத்தம். ஒரு கஸ்கற் பிறந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். கூரைக்கு மேலே விமானங்கள் வயிறு தெரிய இறங்கும். பெட்டி கட்டினேன். வெட்டிய துண்டுகளின் துளைகளுக்குள் சிக்கிய கழிவுகளைத் தட்டி எடுத்தேன். ஒருநாள் பிரஸ்காரி வராததால் பிரஸ்ஸில் நின்றேன். மறுநாள் அவள் வந்தபோது இடம் என்னுடையதாக இருந்தது. சில வருடங்களில் காலை ஷிப்ற்றுக்கு லீட் ஹாண்ட், அதாவது குழுத் தலைவி ஆனேன். பழகிய காலம் அவ்வளவுதான். அதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. கை பழகியது, காது பழகியது, முதுகு மட்டும் கடைசிவரை பழகவில்லை.

சுப்பவைசர் ஸ்டீவைப் பற்றித்தான் நீட்டி எழுத வேண்டும். ஹங்கேரியிலிருந்து சிறு வயதில் வந்தவர். கதவை மறைக்கும் உடம்பு. குரல் மட்டும் தேவாலயத்தில் பேசுபவரின் குரல். பிரஸ்கள் இரையும் இடத்தில் அந்தக் குரலைக் கேட்க நாங்கள் கிட்டப் போகவேண்டும். கிட்டப் போனால் கவனிக்கத்தானே வேண்டும்? அதுதான் அவருடைய தந்திரம் என்று பல காலம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம்.

ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேலையிலும், முதல் துண்டு அவரிடம் போகவேண்டும். அவருடைய அறையில் அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை ஒன்று இருந்தது. அதன்மீது உண்மையான அளவில் வரைந்த படம். அந்தப் படத்தின்மேல் எங்கள் துண்டை, குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்துவார். கோடு முழுவதையும் துண்டு மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் ஒரு நூலாகத் தெரிந்தால் திருப்பித் தருவார். பேச்சில்லை. சரியென்றால் துண்டின் மூலையில் மஞ்சள் பென்சிலால் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, "ஓட்டு" என்பார். அந்தத் துண்டை நாங்கள் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ஆணியில் மாட்டுவோம். வேலை முழுதும் முடிந்து, வாடிக்கையாளர் சரியென்னும்வரை ஆணியிலிருந்து அதை ஒருவரும் எடுக்கக்கூடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு பெரிய வேலை வந்தது. சந்திகளில் நிற்கும் சிக்னல் பெட்டிகளைக் கண்டிருப்பீர்கள். சாம்பல் நிறம், இடுப்புயரம், உள்ளே சந்தி விளக்குகளை இயக்கும் வயர்களும் எலக்ரோனிக்ஸும். அதன் கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ஸ்பொஞ்ச் ரப்பர் சட்டம் எங்களுடையது. மூலைகளில் ஒட்டு இருக்கக்கூடாது. ஒட்டிருந்தால் அந்த இடத்தால் தண்ணீர் போகும். எனவே முழுச் சட்டத்தையும் ஒரே அடியில் வெட்டவேண்டும். டை மட்டும் இரண்டு பேர் தூக்கும் பாரம்.

காலையில் அதை வெட்டியவர் தவண்ணை. தவராசா என்பது முழுப்பெயர். ஊரில் லேத் மெசினில் நின்றவர். அளவு என்பது அவருக்குச் சாப்பாடு போல. அவருடைய மனைவி மலர் கொழும்பில் ஒரு அறையில் காத்திருந்தார். அவரை இங்கே அழைக்கும் ஸ்பொன்சர் வேலை பாதிவழியில் நின்றது. வேலையை இழந்து அரசாங்க உதவிப் பணத்துக்குப் போனால் அது அப்படியே கவிழ்ந்துவிடும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார்.

பின்னேர ஷிப்ற்றில் அதே வேலையை அதே பிரஸ்ஸில் வெட்டியது ரோசலின் அக்காவின் கூட்டம். மன்னார்க்காரி. அவருக்குக் கீழே நான்கைந்து பெண்கள். அந்த இலையுதிர் காலத்தில்தான் பின்னேர ஷிப்ற் புதிதாகத் தொடங்கியிருந்தது. அவர்கள் வந்த பிறகு தொழிற்சாலையின் முகமே மாறிவிட்டது. தூசி இல்லை, தரையில் துண்டு இல்லை, மேசையில் ஒரு பொருள் இல்லை. காலையில் வரும்போது கோயிலுக்குள் நுழைவது போலிருக்கும். ஸ்டீவே ரோசலின் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டினார்.

தை மாதம், குளிர் எலும்பைத் தேடிவரும் காலம். பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின.

சட்டங்கள் நீளத்தில் கட்டை. குறை பெருவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் கதவின் தவாளிப்புப் பள்ளத்துக்குள் வைத்தால் மூலைகள் இழுபட்டுக் கிளம்பின. கிளம்பிய மூலையால் உருகும் பனி உள்ளே போகும். திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டியிலும் காலை ஷிப்ற்றின் முத்திரை. தவண்ணையின் இலக்கம். பின்னேரம் வெட்டியதில் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை.

ஷிப்ற் மாறும் நேரத்தில் பெண்கள் அவரைச் சீண்டுவார்கள்.

"அண்ணை, ஒருநாள் பின்னேரம் நிண்டு நாங்கள் வெட்டிறதைப் பாருங்கோவன்" என்றாள் ஒருத்தி.

"பாவம், விடடி. மனுசிக்காரி வரட்டும். அதுக்குப் பிறகு கை நேராப் போகும்" என்றாள் இன்னொருத்தி.

தவண்ணை முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. பிறகு ஷிப்ற் முடியுமுன்பே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கத் தொடங்கினார், அவர்கள் வருவதற்குள் போய்விடலாமென்று.

முதலாளி இறங்கி வந்தார். அதே டை, அதே பிரஸ், அதே ரப்பர், ஒரு கைக்குச் சரி, இன்னொரு கைக்குப் பிழை. அப்படியானால் பிழை கையில்தானே என்றார். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பதாகச் சொன்னார். அதன் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தவண்ணை என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, நான் டையைத் தட்டி நகத்திறதில்லை. ஷீற்றை இழுத்துப் பிடிக்கிறதில்லை. என்ரை கண்ணுக்கு முன்னால ஸ்டீவ் பாத்து ஓட்டு எண்டு சொல்லுறான். அதுக்குப் பிறகு அது எப்பிடிக் குறையும்? உது என்ன, உருகிற ஐஸ்கிறீமே?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும் அண்ணை."

"உனக்குத் தெரிஞ்சு என்ன? மலருக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

புதன்கிழமை வாடிக்கையாளர் கொம்பனியிலிருந்து லிண்டா என்ற எஞ்சினியர் வந்தார். பனிச் சப்பாத்தோடு நேரே பிரஸ்ஸுக்கு வந்து, அன்றைய முதல் துண்டைத் தானே கொண்டுபோய்க் கண்ணாடி மேசையில் வைத்தார். வெளிச்சம் எங்கும் கசியவில்லை. சரியான துண்டு. லிண்டா நெற்றியைத் தடவினார்.

"இங்கே சரி. எங்களிடம் வரும்போது கட்டை. நடுவில் பாரவண்டிப் பயணம் மட்டும்தான். வெட்டிய பிறகு இது மாறுமா?" என்று கேட்டார்.

"ரோலிலிருந்து வந்த ரப்பர் மாறும். அதனால்தான் நாங்கள் அதை முதல்நாளே மேசையில் விரித்து ஆறப்போடுகிறோம். ஆறிய ரப்பர் மாறாது" என்றார் ஸ்டீவ்.

நான் கதவோரம் நின்றேன். என் கண் ஆணியில் போய் நின்றது. திங்கட்கிழமைத் துண்டு அங்கே தொங்கியது, மஞ்சள் எழுத்தோடு. ஒருவரும் எடுக்கக்கூடாத துண்டு. நான் எடுத்தேன். எடுத்துக்கொண்டுபோய் அந்தப் படத்தின்மேல் ஸ்டீவ் கிடத்துவது போலவே கிடத்தினேன்.

ஒரு முனையில் வெளிச்சம். நூலல்ல, நாடா.

"தொங்கிக்கொண்டிருந்தது நீளத்தான் வேண்டும், இது குறைந்திருக்கிறது" என்றேன், எனக்கிருந்த ஆங்கிலத்தில். மஞ்சள் எழுத்தில் விரலை வைத்தேன். "இது தவாவின் கையெழுத்தல்ல, உங்களுடையது."

ஸ்டீவ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார். அந்தக் கோபம் என்மேல் அல்ல. லிண்டா குனிந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "அப்படியானால் வெட்டியவரை விட்டுவிட்டு, ரப்பரிடம் கேட்போம்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவரை இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் முதலாளிக்கு அது போதவில்லை. ஆறிய ரப்பர் ஏன் காலையில் மட்டும் மாறுகிறது? காரணம் இல்லாத கதையை நம்ப அவர் தயாரில்லை.

வியாழன் காலை நான் தவண்ணையின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சரக்கு இறக்கும் வாசலருகே போனார். அங்கே, சுவர் மூலையில், முந்தைய நாள் மேசையில் ஆறப்போட்டதில் மிஞ்சிய ஷீற் சுருட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கதவிடுக்கால் வந்த குளிரில் அது விறைத்திருந்தது. நடுவிலும் இரண்டு நுனியிலும் கழிவுத் துண்டால் கட்டு. அவர் கட்டை அவிழ்த்தார். அவிழ்த்ததும் அது விரிய மறுத்தது. நான்கு மூலைக்கும் இரும்புக் கட்டி வைத்தார்.

அந்தக் கட்டை எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் இருந்த அப்பாட்மென்றில் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேர் படுத்து எழும்பினோம். விடிந்ததும் பாய்களை முழங்காலால் அமத்தி, இழுத்து, இறுக்கிச் சுருட்டி, நடுவில் ஒன்று நுனியில் இரண்டு என்று கட்டி மூலையில் நிறுத்துவோம். நிறுத்தினால்தான் படுக்கையறை வீடாகும். வருபவர் யாருக்கும் இத்தனை பேர் இங்கே உறங்கினார்கள் என்று தெரியாது. ரொறன்ரோவில் எங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளில் அதே சுருட்டு, அதே கட்டு.

பின்னேரம் ரோசலின் அக்கா வந்து குளிர்ச் சப்பாத்தைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, மிஞ்சிற ஷீற்றை ஆர் சுருட்டிறது?"

"நான்தான். ஏன், வடிவாச் சுருட்டேல்லையோ?"

"வடிவுதான். வடிவு கூடிப்போச்சு."

"என்னடி பவா, நேராச் சொல்லு. குளிருக்கை வந்தனான், நக்கல் வேண்டாம்."

"முழங்காலை வைச்சு அமத்தித்தானே சுருட்டுறீங்கள்?"

"பின்னை? தொளதொளவெண்டு சுருட்டினால் நிக்குமே?"

"அக்கா, அது பாயில்லை, ரப்பர். நீங்கள் இழுத்துச் சுருட்ட அது இழுபட்டுப்போய் நிக்குது. விடிய விடிய குளிருக்கை அப்பிடியே விறைச்சுக் கிடக்குது. காலமை தவண்ணை விரிச்ச உடனை வெட்டுறார். மத்தியானம் சூடேற, அது தன்ரை அளவுக்குத் திரும்பிச் சுருங்குது. நீங்கள் வெட்டிறது பகல் முழுக்க மேசையில கிடந்த ஷீற். அதுதான் உங்கட பெட்டி திரும்பிறேல்லை."

அவர் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

"அப்ப நாங்கள் ஊத்தையா விட்டிட்டுப் போயிருந்தால் உந்த மனுசன்ரை வேலைக்கு ஒண்டும் வந்திராது எண்டுறாய்."

"ஓம்."

"சேசுவே." வாங்கில் உட்கார்ந்தார். "நாங்களெல்லோ அந்தாளைப் பகிடி பண்ணினது." பிறகு சட்டென்று தலை நிமிர்ந்தது. "நீ சொல்லுறாய் எண்டதுக்காக நான் நம்பமாட்டன். என்ரை கையைச் சோதிக்கிறதெண்டால் வடிவாச் சோதி. ஒரு ஷீற்றைச் சுருட்டுறன். ஒண்டை மேசையில விடுறன். நாளைக்கு ரெண்டையும் வெட்டட்டும்."

ஸ்டீவிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். இரண்டு ஷீற்றிலும் தானே பென்சிலால் குறி போட்டார். ரோசலின் அக்கா என் கண்ணுக்கு முன்னாலேயே ஒன்றைச் சுருட்டினார். அதற்கு முன்னரோ பின்னரோ அப்படியொரு சுருட்டை நான் கண்டதில்லை. துப்பாக்கிக் குழல் போலிருந்தது. பிழை தன்னுடையதென்றால் முழுதாகத் தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வெள்ளி காலை தவண்ணை இரண்டிலும் ஒவ்வொன்று வெட்டினார். இரண்டையும் கண்ணாடி மேசையில் வைத்தோம். இரண்டும் சரி. முதலாளி என்னைப் பார்த்தார், "இதற்குத்தானா?" என்பது போல. இரண்டு துண்டையும் சூடான பொதியறையில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தோம். அன்று காலை அந்தத் தொழிற்சாலையில் ஒருவர்கூடப் பகிடி விடவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. ரோசலின் அக்கா. தன் ஷிப்ற்றுக்கு நேரமிருக்க, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மூக்குச் சிவந்திருந்தது.

ஸ்டீவ் துண்டுகளை எடுத்தார். மேசையில் கிடந்த ஷீற்றிலிருந்து வெட்டியது கோட்டை மூடிக்கொண்டு படுத்தது. சுருட்டியதிலிருந்து வெட்டியதன் முனையில் வெளிச்சம் பளீரென்று நின்றது.

யாரும் பேசுமுன்பு ரோசலின் அக்கா முதலாளிக்கு முன்னால் போய், தன் நெஞ்சில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தார்.

"மீ. ஐ ரோல். ஹீ நோ. ஹீ குட்."

முதலாளி ஸ்டீவைப் பார்த்தார். "இவர்களை யார் சுருட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை, ஆனால் அதற்காகக் கை குலுக்கியது நான்" என்றார் ஸ்டீவ், அதே தேவாலயக் குரலில்.

முதலாளி அந்த வெளிச்சத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தவண்ணையின் தோளில் ஒரு தட்டு. "திங்கட்கிழமை ஏழு மணிக்கு" என்றார். தவண்ணை தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். தண்ணீர்க்குழாய் நெடுநேரம் ஓடியது.

ரோசலின் அக்காவுக்குத்தான் அதன் பிறகு பெரிய பாடு. மேசையில் ஷீற்றைப் பரப்பிவிட்டு விளக்கணைத்துப் போக அவருக்கு மனம் வரவில்லை. "ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்? தமிழ்ப் பெண்டுகள் போட்டது போட்டபடி விட்டிட்டுப் போகுதுகள் எண்டெல்லோ சொல்லுவினம்?" என்று என்னிடம் புலம்பினார். நான் ஸ்டீவிடம் சொன்னேன். ஸ்டீவ் ஒரு பலகையும் வெள்ளைப் பெயின்ரும் தந்து, அவர்களுடைய மொழியிலேயே எழுது, உத்தரவு என்று எழுது என்றார். நான் எழுதினேன்: இந்த மேசையைத் துப்புரவாக்க வேண்டாம். அந்தக் கட்டடத்தில் ஏறிய முதல் தமிழ் எழுத்து அதுதான். அதன் கீழே மஞ்சள் பென்சிலால் ஸ்டீவ் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார்.

பெட்டிகள் திரும்பவில்லை. பனி கரைந்தது. அடுத்த பனியும் வந்து கரைந்தது.

ஒரு வசந்தகாலப் பின்னேரம் மலர் வந்து இறங்கினார். தவண்ணையிடம் கார் இல்லை. என் பழைய காரில் விமான நிலையத்துக்குப் போனோம். நல்ல மழை. திரும்பி வரும்போது இருவரும் பின்சீற்றில், நடுவில் ஒரு கைப்பை. இத்தனை காலம் பிரிந்திருந்தவர்கள் பேசத் தெரியாமல் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ரெக்ஸ்டேலுக்குத் திரும்பும் சந்தியில் சிவப்பு. நிறுத்தினேன். ஓரத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று மழையில் குளித்துக்கொண்டு நின்றது.

தவண்ணை முன்னே சாய்ந்தார். "மலர், உதைப் பார். உந்தப் பெட்டி."

"எது?"

"உதுதான். அதின்ரை கதவுக்கு உள்ளுக்கை சுத்தி ஓடுற ரப்பர் நான் வெட்டினது."

மலர் கார்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். உற்றுப் பார்த்தார்.

"ஒண்டும் தெரியேல்லையே."

"தெரிஞ்சால் அது பிழையப்பா."

"அப்ப உள்ளுக்கை தண்ணி போகேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தவண்ணை கையை நீட்டி, கண்ணாடிக்கு அப்பால், மழைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பைக் காட்டினார். நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பச்சை விழுந்தது.